தோற்ற பிறகும் நாற்காலியை விடாதிருப்பது எப்படி? பதவியிலுள்ள அதிபர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மேதகு அதிபர் அவர்களே,

தேர்தலில் உண்மையாகவே வெல்லக்கூடிய தலைவர்களுக்கு இந்த வழிகாட்டி பயன்படாது. அவர்கள் ஓட்டு எண்ணி முடியும் வரை நிம்மதியாகத் தூங்கலாம். நாட்டை விடுவித்த நாயகராகப் பதவிக்கு வந்து, இருபது முப்பது ஆண்டுகள் கழிந்து, கடைகளில் ரொட்டி கிடைக்காத நிலையிலும் மக்களின் அன்பு சிறிதும் குறையவில்லை என்று உளவுத்துறைத் தலைவர் தினமும் காலையில் சொல்லக் கேட்டு, அதை நம்பித் தேர்தலையும் அறிவித்துவிட்டு, எண்ணிக்கை நாளின் இரவில் அதே உளவுத்துறைத் தலைவரின் முகம் வெளிறுவதைக் காணும் அதிபருக்காகவே இது எழுதப்பட்டிருக்கிறது.

பாடமாக ஜிம்பாப்வேயின் 2008ஆம் ஆண்டுத் தேர்தலை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்நாட்டை 1980 முதல் 2017 வரை 37 ஆண்டுகள் ஆண்ட ராபர்ட் முகாபே, தமது 84ஆம் வயதில், மார்ச் மாத முதல் சுற்றில் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். ஜூன் மாதம் 85 சதவீத ஓட்டுகளோடு மீண்டும் பதவியேற்றார். இடைப்பட்ட மூன்று மாதங்களை ஊன்றிப் படிப்பவருக்கு ஓர் உண்மை விளங்கும். ஓட்டைத் திருடுவது கற்றுக்குட்டிகளின் வேலை. கைதேர்ந்தவர் நாட்களைத் திருடுகிறார். கீழே வரும் படிகள் அனைத்தும் இதன் விரிவுரைதான்.

தொடங்கும் முன்: தாங்கள் பின்பற்றக் கூடாதவர்கள்

ஆப்பிரிக்காவில் தோல்வியை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போன அதிபர்களும் இருக்கிறார்கள் என்பதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஜாம்பியாவில் 27 ஆண்டுகள் ஆண்ட கென்னத் கவுண்டா 1991இல் தோற்று விலகினார். செனகலில் 2000இல் அப்து தியூஃபும், 2012இல் அப்துலாயே வாட்டும் வென்றவருக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார்கள். நைஜீரியாவில் 2015இல் குட்லக் ஜொனாதன் முழு முடிவும் வெளியாகும் முன்பே எதிராளியை அழைத்து வாழ்த்தினார். இவர்களால் மற்ற அதிபர்களுக்கு எவ்வளவு சங்கடம் நேர்கிறது என்பதை இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவர்களைவிட மோசமான உதாரணம் காம்பியாவின் யாஹ்யா ஜாமே. இறைவன் விரும்பினால் நூறு கோடி ஆண்டுகள் ஆள்வேன் என்று பிபிசியிடம் சொன்னவர், 2016 டிசம்பரில் தோற்றதும் கேமராவுக்கு முன்னால் அமர்ந்து வெற்றி பெற்ற அடாமா பாரோவைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். ஒரு வாரம் கழித்து, அந்தத் தேர்தலைத் தாம் ஏற்கவில்லை என்று அறிவித்தார். வாழ்த்திய காட்சியை நாடே பார்த்துவிட்ட பிறகு மறுப்பது எப்படி? அண்டை நாட்டுப் படைகள் எல்லை தாண்டி வந்தன. ஜனவரி 21ஆம் தேதி அவர் விமானம் ஏற வேண்டியதாயிற்று. ஆகவே எண்ணிக்கை இரவில் தங்கள் தொலைபேசியை நம்பகமான ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது.

படி 1: நடுவரை நியமித்துவிட்டு ஆட்டத்தை அறிவியுங்கள்

இந்தப் படி எல்லோரும் அறிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேர்தல் ஆணையத்தின் தலைவர் நீதிபதியாக இருப்பது கௌரவமாகத் தோன்றும். அவர் முன்பு இராணுவத்தின் சட்டத்துறையில் பணியாற்றியவராக இருந்தால் இன்னும் நல்லது. ஜிம்பாப்வே தேர்தல் ஆணையத்துக்கு அப்படிப்பட்ட ஒருவரே தலைவராக இருந்தார். வாக்குச்சாவடிக்குள் போலீசார் நுழையக் கூடாது என்று சட்டம் சொன்னால், உடல் ஊனமுற்றோருக்கும் எழுத்தறியாதோருக்கும் உதவ வேண்டும் என்ற கருணையின் பேரில், தேர்தலுக்குச் சில நாள் முன்பு அதிபரின் தனி அதிகாரத்தால் அதைத் திருத்திவிடலாம். முகாபே திருத்தினார். வாக்காளர்கள் சுமார் 59 லட்சம் பேர் இருக்க, 90 லட்சம் ஓட்டுச்சீட்டுகள் அச்சிடப்படுகின்றன என்று எதிர்க்கட்சி குற்றம் சாட்டியபோது யாரும் பதறவில்லை.

கிராமங்களுக்கு டிராக்டர், ஏர், பேருந்து வழங்குவதையும் தேர்தல் நெருங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பொருட்களை வழங்கும் திட்டத்தை அங்கே மத்திய வங்கி நடத்தியது. நாணயத்தைக் காக்க வேண்டிய வங்கி ஏர்க்கலப்பை விநியோகிப்பதில் என்ன பொருத்தம் என்று கேட்பவர்களுக்கு, நாணயத்தைக் காக்கும் வேலை ஏற்கெனவே கைவிடப்பட்டிருந்ததால் வங்கிக்கு நேரம் இருந்தது என்று விளக்கலாம்.

ஆனால் உண்மையான முதலீடு சீருடையில்தான். 2008இல், ஓட்டுப்பதிவுக்கு முன்பே, இராணுவத் தலைவர் கான்ஸ்டன்டினோ சிவெங்காவும், காவல்துறைத் தலைவர் அகஸ்டின் சிஹூரியும், சிறைத்துறைத் தலைவரும் எதிர்க்கட்சித் தலைவர் மோர்கன் ஸ்வாங்கிராய் வென்றாலும் அவருக்குத் தாங்கள் பணியப் போவதில்லை என்பதை வெவ்வேறு சொற்களில் வெளிப்படையாகச் சொன்னார்கள். தேர்தல் முடிவை அதன் ஓட்டுப்பதிவுக்கு முன்பே அறிந்துகொள்ளும் வசதி எல்லா நாட்டு மக்களுக்கும் கிடைப்பதில்லை. சிவெங்காவின் பெயரைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் படியில் அவர் மீண்டும் வருவார்.

அதிர்ஷ்டத்தின் துணையும் வேண்டும்தான். 2000 ஜனவரியில், அரசுக்கும் பங்கிருந்த ஒரு வங்கி தன் வாடிக்கையாளர்களுக்காக நடத்திய குலுக்கலில் 1 லட்சம் ஜிம்பாப்வே டாலர் முதல் பரிசு யாருக்கு விழுந்தது தெரியுமா? திரு. ராபர்ட் முகாபே அவர்களுக்கு. குலுக்கலிலேயே இப்படியென்றால் தேர்தலைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா?

படி 2: சாவடி வாசலில் முடிவை ஒட்ட விடாதீர்கள்

முகாபே தவறிய இடம் ஒன்றே ஒன்றுதான். தென்னாப்பிரிக்காவின் அதிபர் தாபோ எம்பெக்கி நடுவராக இருந்து நடத்திய பேச்சுவார்த்தையின் விளைவாகத் தேர்தல் சட்டத்தில் சில திருத்தங்கள் வந்தன. அவற்றில் ஒன்று, ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஓட்டு எண்ணி முடித்ததும், அந்தச் சாவடியின் முடிவை வாசலிலேயே ஒட்டிவைக்க வேண்டும் என்பது. அற்பமான ஒரு தாள் என்று எண்ணி ஒப்புக்கொண்டார்கள். மார்ச் 29ஆம் தேதி ஓட்டுப்பதிவு முடிந்தது. அன்றிரவும் மறுநாளும் நாடெங்கும் சாவடி வாசல்களில் அந்தத் தாள்கள் தொங்கின. எதிர்க்கட்சிக்காரர்களும் பார்வையாளர்களும் அவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். கூட்டல் தெரிந்தவர்கள் கூட்டினார்கள்.

ஆணையம் வாய் திறக்கும் முன்பே எதிர்க்கட்சியான ஜனநாயக மாற்றத்துக்கான இயக்கம் தன் கணக்கை வெளியிட்டது: ஸ்வாங்கிராய்க்கு 50.3 சதவீதம். உள்நாட்டுத் தேர்தல் கண்காணிப்பு அமைப்புகளின் கூட்டமைப்பு மாதிரிச் சாவடிகளைக் கொண்டு போட்ட மதிப்பீடு அவருக்கு 49.4 சதவீதமும் முகாபேவுக்கு 41.8 சதவீதமும் தந்தது. முதல் சுற்றிலேயே வெல்லத் தாண்ட வேண்டிய 50 என்ற எல்லைக்கோடு இரண்டுக்கும் இடையே இருந்ததைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள், ஆணையமும் கவனித்தது. நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சியான ஜானு பிஎஃப் 1980க்குப் பிறகு முதன்முறையாகப் பெரும்பான்மையை இழந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுகூட முடியும். ஒவ்வொரு ஊரின் கதவிலும் ஒட்டப்பட்ட எண்ணை மறைப்பது கடினம்.

அந்தக் காலத்து அதிபர்களுக்கு இப்படிப்பட்ட தொல்லைகள் இல்லை. லைபீரியாவில் 1927இல் சார்லஸ் கிங் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகள் பெற்று வென்றார். பதிவு செய்த வாக்காளர்கள் சுமார் 15,000 பேர். கூச்சமே இல்லாத அந்தப் பொற்காலம் போய்விட்டது. இன்றைய முறை சற்று நாகரிகமானது. காபோனில் 2016இல் அலி போங்கோ பின்தங்கியிருந்தபோது, கடைசியாக அவருடைய சொந்த மாகாணத்தின் முடிவு வந்தது: ஓட்டுப்பதிவு 99.93 சதவீதம், அதில் அவருக்கு 95 சதவீதத்துக்கும் மேல். நாடு முழுவதிலும் அவருடைய வெற்றி வித்தியாசமாக அப்போது அறிவிக்கப்பட்டது 6,000 ஓட்டுக்கும் குறைவு. நோயாளிகள், வெளியூர் போனவர்கள், அண்மையில் இறந்தவர்கள் என்று யாரும் விட்டுப்போகாமல் வந்து ஓட்டளித்த அந்த மாகாணத்தின் குடிமை உணர்வைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் இந்த வழியில் செல்ல, சாவடி வாசலில் தாள் தொங்கக் கூடாது. மாகாண முடிவு கடைசியாக வர வேண்டும்.

படி 3: காலத்தைக் கைப்பற்றுங்கள்

இந்த வழிகாட்டியின் இதயம் இங்கேதான் இருக்கிறது. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

பொறுமையற்ற அதிபர்கள் என்ன செய்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். கென்யாவில் 2007 டிசம்பர் 30ஆம் தேதி முடிவை அறிவித்த சற்று நேரத்திலேயே, பொழுது சாயும் வேளையில், அதிபர் மாளிகைத் தோட்டத்தில் முவாய் கிபாக்கி அவசர அவசரமாகப் பதவியேற்றார். நாடு பற்றி எரிந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர், கிபாக்கி உண்மையில் வென்றாரா என்பது தமக்குத் தெரியாது என்று தேர்தல் ஆணையத் தலைவரே பிறகு சொன்னார். ஐவரி கோஸ்ட்டில் 2010 நவம்பரில், முடிவுகளைப் படிக்க ஆணையத்தின் பேச்சாளர் வாயெடுத்தபோது, அதிபர் லோரான் பாக்போவின் ஆதரவாளர் ஒருவர் தாள்களைப் பறித்துக் கிழித்தார். தொலைக்காட்சிக் கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. இதெல்லாம் பக்குவமில்லாத செயல். தாளைக் கிழிக்க வேண்டியதில்லை. அதைப் படிக்காமல் வைத்திருந்தாலே போதும்.

ஜிம்பாப்வேயில் அதிபர் தேர்தலின் முடிவு மார்ச் 29இலிருந்து மே 2 வரை அறிவிக்கப்படவில்லை. ஐந்து வாரம். அதே நாளில், அதே சாவடிகளில், அதே அலுவலர்கள் எண்ணிய நாடாளுமன்ற ஓட்டுகளின் முடிவுகள் துளித்துளியாக வந்து சேர்ந்தன. அதிபர் ஓட்டுகளை மட்டும் ஆணையம் சரிபார்த்துக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. மனுவைக் கேட்க வேண்டுமா என்பதை முடிவு செய்யவே நாட்கள் ஓடின. கேட்ட பின்பு ஏப்ரல் 14ஆம் தேதி அது தள்ளுபடியானது. நீதிமன்றங்களை மூடிவிடும் அதிபர் நேரத்தை வீணாக்குகிறார், மேதகு அதிபர் அவர்களே. திறந்து வைத்திருக்கும் நீதிமன்றம் தங்களுக்கு இரண்டு வாரம் சம்பாதித்துத் தரும்.

அடுத்து மறுஎண்ணிக்கை. 23 தொகுதிகளில் மறுபடியும் எண்ண ஆணையம் உத்தரவிட்டது. பெரும்பாலானவை ஆளுங்கட்சி தோற்ற தொகுதிகள். அதிபர் ஓட்டுகளும் அவற்றில் அடக்கம். முதல் எண்ணிக்கையின் முடிவையே அறிவிக்காதபோது அதை மறுபடி எண்ணுவது தர்க்கத்துக்கு ஒவ்வாதது என்று தங்களுக்கே தோன்றலாம். தோன்றட்டும். கூடவே, முகாபேவுக்கு விழுந்த ஓட்டுகளைக் குறைத்து எண்ணினார்கள் என்று சொல்லித் தேர்தல் அலுவலர்கள் சிலர் கைது செய்யப்பட்டார்கள். தேர்தலை நடத்திய அரசே, தேர்தலில் தனக்கு மோசடி இழைக்கப்பட்டதாகப் புகார் தருவதைக் காட்டிலும் உயர்ந்த கலை இத்துறையில் இல்லை.

இந்த வாரங்களில் அண்டை வீட்டார் எழுப்பும் குரலைத் தணிக்கவும் ஒருவர் வேண்டும். ஏப்ரல் 12ஆம் தேதி ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரே வந்த எம்பெக்கி, முகாபேயோடு பேசிய பிறகு, இதை நெருக்கடி என்று தாம் சொல்ல மாட்டேன், இது வழக்கமான தேர்தல் நடைமுறைதான் என்றார். அதே மாதம், ஜிம்பாப்வே இராணுவத்துக்கான தோட்டாக்களும் எறிகணைகளும் ஏற்றிய சீனக் கப்பல் ஒன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வந்து நின்றது. நெருக்கடி இல்லாத ஒரு நாட்டுக்கு, ஓட்டு எண்ணிக்கை நடக்கும் நேரத்தில், முப்பது லட்சம் தோட்டா எதற்கு என்று துறைமுகத் தொழிலாளர்கள் யோசித்திருக்க வேண்டும். சரக்கை இறக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். தொழிற்சங்கங்களைப் பற்றிய தனி வழிகாட்டி ஒன்று தேவைப்படுகிறது.

கடைசியில் மே 2 அன்று வந்த முடிவைப் பாருங்கள்: ஸ்வாங்கிராய் 47.9 சதவீதம், முகாபே 43.2 சதவீதம். முகாபே தோற்றார் என்பதை ஆணையம் நேர்மையோடு ஒப்புக்கொண்டது. ஸ்வாங்கிராய் வெல்லவில்லை என்பதையும் அதே நேர்மையோடு சேர்த்துச் சொன்னது. 50 சதவீதத்தை யாரும் தாண்டாததால் இரண்டாம் சுற்று நடக்க வேண்டும். சட்டப்படி 21 நாளுக்குள். ஆணையம் அந்தக் கெடுவை 90 நாளாக நீட்டித்து, ஜூன் 27ஐக் குறித்தது. முதல் ஓட்டுக்கும் இரண்டாம் ஓட்டுக்கும் இடையே சரியாக 90 நாட்கள் கையில் கிடைத்தன.

படி 4: கிடைத்த நாட்களை என்ன செய்தார்கள்

இங்கே மட்டும் தங்களுக்குரிய பணிவைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

சாவடி வாசலில் ஒட்டிய தாள், யார் வென்றார் என்பதை மட்டும் சொல்லவில்லை. எந்த ஊரில் எத்தனை பேர் முகாபேவுக்கு எதிராக ஓட்டளித்தார்கள் என்பதையும் சொன்னது. மஷோனாலாந்து மாகாணங்களின் கிராமங்கள் காலங்காலமாக ஆளுங்கட்சியின் கோட்டையாக இருந்தவை. அவற்றில் பல ஊர்கள் இம்முறை கைமாறியிருந்தன. இராணுவ, போலீஸ், உளவுத்துறைத் தலைவர்கள் அடங்கிய கூட்டு நடவடிக்கைக் குழுவின் மேற்பார்வையில் இளைஞர் படைகளும் முன்னாள் போராளிகள் என்று சொல்லிக்கொண்டவர்களும் அந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். "யாருக்கு ஓட்டுப் போட்டாய்?" என்று ஷோனா மொழியில் கேட்கும் கேள்வியே அந்த நடவடிக்கைக்குப் பெயராயிற்று. இரவில் ஊரைக் கூட்டி வைத்து அடித்தார்கள், வீடுகளை எரித்தார்கள், பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு ஓடினார்கள், ஜூன் மூன்றாம் வாரத்துக்குள் தன் ஆதரவாளர்கள் 80க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக எதிர்க்கட்சி சொன்னது, பின்னர் அந்த எண்ணிக்கை இன்னும் கூடியது. உணவு உதவி வழங்கிவந்த தொண்டு நிறுவனங்களின் களப்பணியை அரசு ஜூன் தொடக்கத்தில் நிறுத்தி வைத்தது. எதிர்க்கட்சியின் பொதுச்செயலாளர் டெண்டாய் பிட்டி ஜூன் 12 அன்று நாடு திரும்பிய விமான நிலையத்திலேயே கைதானார். சாட்டப்பட்ட குற்றம் தேசத்துரோகம்.

முகாபே இதையெல்லாம் மறைக்கவும் முயலவில்லை. சீட்டில் போடும் ஒரு பெருக்கல் குறிக்காக நாட்டை விட்டுக்கொடுக்க முடியாது, பேனாவால் துப்பாக்கியோடு எப்படிப் போரிட முடியும் என்று கூட்டத்தில் கேட்டார். தம்மை நியமித்த கடவுளால்தான் தம்மை நீக்க முடியும் என்றும் சொன்னார். கிண்டல் எழுதுபவருக்கு வேலையே வைக்காத வாக்கியங்கள் இவை.

ஜூன் 22 அன்று ஸ்வாங்கிராய் போட்டியிலிருந்து விலகி, ஹராரேயில் நெதர்லாந்துத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார். விலகுவதற்கான காலம் கடந்துவிட்டது என்று ஆணையம் சொன்னது; ஐந்து வாரம் முடிவையே அறிவிக்காதிருந்த ஆணையத்துக்குக் காலக்கெடுவின் மீது திடீரென்று மரியாதை பிறந்திருந்தது. ஆகவே ஒற்றை ஆள் ஓடிய பந்தயத்திலும் சீட்டில் இரண்டு பெயர்கள் இருந்தன. விரலில் மை இல்லாதவருக்கு என்ன நேருமோ என்று அஞ்சிப் பலர் வந்து ஓட்டளித்தார்கள். மார்ச் மாதம் சுமார் 10.8 லட்சம் ஓட்டுகள் பெற்ற முகாபே, ஜூன் மாதம் 21.5 லட்சம் பெற்றார், 85.5 சதவீதம். அத்தனை அச்சத்துக்கு இடையிலும் சீட்டைச் செல்லாததாக்கிப் பெட்டியில் போட்டவர்கள் 1,31,481 பேர்.

படி 5: பதவியேற்பு

இதுவரை நிதானமாக இருந்தோம், இனி வேகம். ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை முடிவு அறிவிக்கப்பட்டது; அன்றே பதவியேற்பும் முடிந்தது. மார்ச் மாத ஓட்டுகளுக்கு ஐந்து வாரம் எடுத்துக்கொண்ட அதே ஆணையம் ஜூன் மாத ஓட்டுகளை இரண்டே நாளில் எண்ணி முடித்துவிட்டது. பயிற்சி மனிதரை எவ்வளவு மேம்படுத்துகிறது!

படி 6: சக அதிபர்கள் நடுவே தலை நிமிர்ந்து நில்லுங்கள்

பதவியேற்ற கையோடு முகாபே எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக் நகருக்குப் பறந்து, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உச்சி மாநாட்டில் அமர்ந்தார். ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்பும், ஆப்பிரிக்க நாடாளுமன்றமும் அனுப்பிய பார்வையாளர்களே இந்தத் தேர்தல் மக்களின் விருப்பத்தைக் காட்டவில்லை என்று எழுதிவிட்டிருந்தார்கள். ஆனால் அறிக்கை எழுதுபவர்கள் பார்வையாளர்கள். மாநாட்டில் அமர்பவர்கள் அதிபர்கள். அங்கே 1967 முதல் காபோனை ஆண்டுவந்த ஒமர் போங்கோ, முகாபே தேர்ந்தெடுக்கப்பட்டார், பிரமாணம் எடுத்தார், இங்கே நம்மோடு இருக்கிறார், ஆகவே அவர் அதிபர்தான் என்று விளக்கினார். போட்ஸ்வானா வெளிப்படையாக எதிர்ப்புக் காட்டியது. மாநாட்டின் தீர்மானம் முகாபேயைக் கண்டிக்கவில்லை. இரு தரப்பும் சேர்ந்து ஆளுங்கள் என்று கேட்டுக்கொண்டது. ஜூலை 11 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் வந்த தடைத் தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் ரத்து அதிகாரத்தால் வீழ்த்தின.

மேலை நாடுகளின் கண்டனத்துக்கு எப்போதும் ஒரே பதில் போதும்: காலனி ஆதிக்கம். இந்தப் பதிலில் உள்ள சிறப்பு என்னவென்றால், அதில் பெரும்பகுதி உண்மை. நல்ல நிலத்தை வெள்ளையர்கள் கைப்பற்றி வைத்திருந்தார்கள். சில ஆயிரம் பண்ணையார்களிடம் அது குவிந்திருந்தது. இயான் ஸ்மித்தின் வெள்ளைச் சிறுபான்மை ஆட்சி பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமையை மறுத்தது. முகாபே பத்தாண்டுக்கும் மேல் அவர்களின் சிறையில் கிடந்தார். ஒருவருக்கு ஓர் ஓட்டு என்ற உரிமைக்காகவே அந்தப் போராட்டம் நடந்தது. அந்த வரலாறு முழுவதையும், மஷோனாலாந்துக் கிராமத்து மூதாட்டி ஒருவர் தன் ஓட்டைத் தான் விரும்பியவருக்குப் போடக் கூடாது என்பதற்கான காரணமாகத் திருப்பிவிட முடிந்தது முகாபேயின் திறமை. முற்றிலும் பொய்யான புகாரை வைத்து இத்தனை காலம் ஓட்டியிருக்க முடியாது.

படி 7: அதிகாரத்தைப் பகிருங்கள், கஜானாவைக் கொடுங்கள்

கையில் எஞ்சியிருந்த நாடு எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2008 ஜூலையில் அரசின் கணக்குப்படியே ஆண்டுப் பணவீக்கம் 23 கோடி சதவீதத்தைத் தாண்டியது. மத்திய வங்கியின் ஆளுநர் கிடியன் கோனோ ஆகஸ்டில் நாணயத்திலிருந்து பத்துச் சுழியங்களை வெட்டினார். அவை மீண்டும் முளைத்தன. 2009 ஜனவரியில் நூறு லட்சம் கோடி டாலர் நோட்டு வெளிவந்தது. பிப்ரவரியில் இன்னும் பன்னிரண்டு சுழியங்கள் வெட்டப்பட்டன. குடிநீர்க் குழாய்கள் வறண்டு காலரா பரவியது. 4,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டிசம்பர் மாதம் முகாபே தொலைக்காட்சியில் தோன்றி, காலரா இப்போது இல்லை என்று அறிவித்தார். நோய்க்கிருமிகள் அரசுத் தொலைக்காட்சி பார்ப்பதில்லை.

இப்படிப்பட்ட வேளையில்தான் பகைவரை அரசில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2008 செப்டம்பர் 15இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2009 பிப்ரவரியில் ஸ்வாங்கிராய் பிரதமரானார். இராணுவமும் உளவுத்துறையும் முகாபேயிடமே இருந்தன. நிதியமைச்சர் பதவி யாருக்குப் போனது தெரியுமா? சில மாதங்களுக்கு முன்பு தேசத்துரோகக் குற்றத்துக்காகச் சிறையிலிருந்த டெண்டாய் பிட்டிக்கு. தூக்குமேடையைக் காட்டிலும் காலியான கஜானா கொடிய தண்டனை என்பதை யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும். ஜிம்பாப்வே டாலரைக் கைவிட்டு அமெரிக்க டாலரில் வரவு செலவு நடத்தி அவர் நாட்டை ஓரளவு நிமிர்த்தினார். ஆனாலும் 2013 ஜனவரியில், சம்பளம் கொடுத்த பிறகு அரசின் கணக்கில் 217 டாலர் மிஞ்சியதாக அவர் சொன்னது உலகச் செய்தியானது. அந்த ஆண்டு ஜூலையில் நடந்த தேர்தலில் முகாபே 61 சதவீதம் பெற்றார். பயன்படுத்தத்தக்க வாக்காளர் பட்டியல் எதிர்க்கட்சிக்குக் கிடைக்கவில்லை. கடைகளில் மீண்டும் ரொட்டி கிடைத்ததற்கான நன்றி மட்டும் அதிபருக்குக் கிடைத்தது.

படி 8: சிரிப்பவர்களைக் கவனியுங்கள்

அதிபரை இழிவுபடுத்துவது ஜிம்பாப்வேயின் குற்றவியல் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி குற்றம். மதுக்கடையில் உட்கார்ந்து முகாபேயின் வயதைப் பற்றி முணுமுணுத்தவர்கள்மீதும் அது பாய்ந்தது. வழக்குகள் பெரும்பாலும் நிற்கவில்லை. ஆனால் ஒருவர் பல மாதம் நீதிமன்றத்துக்கு நடப்பதைப் பத்துப் பேர் பார்த்தாலே போதும். இங்கும் தாங்கள் கைப்பற்றுவது நாட்களைத்தான்.

எனினும் இந்தப் படியில் முழு வெற்றியை யாரும் கண்டதில்லை. 2015 பிப்ரவரியில், ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைவராகி நாடு திரும்பிய முகாபே, ஹராரே விமான நிலையத்தின் சிவப்புக் கம்பளத்தில் தடுமாறி விழுந்தார். படங்களை அழிக்கும்படி புகைப்படக்காரர்களைப் பாதுகாவலர்கள் மிரட்டினார்கள். ஆனால் ஒன்றிரண்டு தப்பின. அதிபர் விழவில்லை, விழுவதைத் தடுத்துக்கொண்டார் என்று தகவல் அமைச்சர் ஜொனாதன் மோயோ விளக்கம் தந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில், முந்தைய மாதம் நாடாளுமன்றத்தில் படித்த உரையையே அதிபர் மறுபடியும் முழுமையாகப் படித்து முடித்தார். கூட்டங்களில் அவர் கண் மூடியிருப்பது தூக்கமல்ல, ஒளியின் கூச்சத்திலிருந்து கண்ணைக் காத்துக்கொள்வது என்று 2017இல் பேச்சாளர் ஜார்ஜ் சரம்பா தெளிவுபடுத்தினார். இந்த விளக்கங்களுக்கு முன்னால் தொழில்முறை நகைச்சுவையாளர்கள் பிழைப்பது கடினம். சட்டம் போட்டு மக்களின் சிரிப்பை அடக்குவதற்கு முன்பு, தங்கள் பேச்சாளர்களை அடக்குவதைப் பற்றித் தாங்கள் யோசிக்கலாம்.

படி 9: வாரிசை வளர்க்காதீர்கள், தங்களைக் காப்பவரை மறக்காதீர்கள்

2017 பிப்ரவரியில் அதிபரின் மனைவி கிரேஸ் முகாபே, கணவர் இறந்தாலும் அவருடைய உடலின் பெயரைச் சீட்டில் போட்டு நிறுத்துவோம், மக்கள் அதற்கும் ஓட்டளிப்பார்கள் என்று கூட்டத்தில் முழங்கினார். கட்சிக்குள் காத்திருந்தவர்கள் அன்றே தம் வயதைக் கணக்கிட்டுப் பார்த்திருப்பார்கள். நவம்பர் 6ஆம் தேதி துணை அதிபர் எமர்சன் முனங்காக்வாவை முகாபே பதவி நீக்கினார். கிரேஸுக்கு வழி திறந்துவிட்டது என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். நவம்பர் 9ஆம் தேதி ஹராரே விமான நிலையத்துக்கு ராபர்ட் முகாபேயின் பெயர் சூட்டப்பட்டது. அடுத்த வாரம் தெருவில் கவச வாகனங்கள் நின்றன. 19ஆம் தேதி இரவு இராணுவத் தளபதிகள் சூழ அமர்ந்து தொலைக்காட்சியில் பேசியவர், விலகுகிறேன் என்ற சொல்லை மட்டும் சொல்லாமல் உரையை முடித்தார். பழைய உத்தியான தாமதத்தை அவர் கடைசியாகப் பயன்படுத்தியது அப்போதுதான், அதிலும் இரண்டு நாளே கிடைத்தன. 21ஆம் தேதி, நாடாளுமன்றம் பதவிநீக்கத் தீர்மானத்தை விவாதித்துக்கொண்டிருந்தபோது விலகல் கடிதம் வந்தது.

இராணுவத்தை நடத்தி வந்தவர், படி 1இல் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி நான் கேட்டுக்கொண்ட சிவெங்கா. நாற்காலியில் அமர்ந்தவர் முனங்காக்வா. 2008இல் முகாபேயின் தலைமைத் தேர்தல் முகவராக இருந்து, மேலே விவரித்த எல்லாப் படிகளையும் அருகிலிருந்து பார்த்தவர். சிவெங்கா துணை அதிபரானார்.

2018 ஜூலை 29, தேர்தலுக்கு முந்தின நாள், முகாபே தம் இல்லத்துக்குச் செய்தியாளர்களை அழைத்தார். தம்மை வதைத்தவர்களுக்குத் தாம் ஓட்டளிக்க முடியாது என்றும், நடப்பது இராணுவத்தின் ஆட்சி என்றும், அரசியல் சட்டத்தின் வழிக்கு நாடு திரும்ப வேண்டும் என்றும் குறைப்பட்டுக்கொண்டு, எதிர்க்கட்சி வேட்பாளர் நெல்சன் சமிசாவே மிஞ்சியிருக்கிறார் என்று சுட்டினார். மறுநாள் வரிசையில் வந்து ஓட்டுப் போட்டார். முடிவுகள் தாமதமாவதை எதிர்த்து ஹராரே தெருக்களில் இறங்கிய கூட்டத்தின் மீது ஆகஸ்ட் 1 அன்று படையினர் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். ஆகஸ்ட் 3 விடிவதற்குள் அறிவிப்பு வந்தது: முனங்காக்வா 50.8 சதவீதம். பிறகு நீதிமன்றத்தில் அந்த எண் 50.67 ஆகத் திருத்தப்பட்டது. எதிர்க்கட்சியின் வழக்கு தள்ளுபடியானது. 2008இல் பலரின் உயிரையும் மூன்று மாதத்தையும் விழுங்கிய இரண்டாம் சுற்றுக்கு இம்முறை தேவையே எழவில்லை. முனங்காக்வாவின் இரண்டாவது, அரசியல் சட்டப்படி கடைசியான, பதவிக்காலம் 2028இல் முடிய வேண்டியது; அதை 2030 வரை நீட்டிக்க வேண்டும் என்று ஆளுங்கட்சி 2024 அக்டோபரில் புலவாயோ மாநாட்டில் தீர்மானம் போட்டது.